பெரட்டுக் களத்தில் அம்மா வாய் திறந்த இருபத்தொரு நாள்

என் அம்மா பொய் சொல்லமாட்டாள். எல்லாப் பிள்ளைகளும் தங்கள் அம்மாவைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் அம்மாவுக்கு இதில் ஆஸ்பத்திரிச் சான்றிதழே இருக்கிறது. இரத்தத்தை எடுத்து, கண்ணாடிக் குழாயில் விட்டு, கடிகாரத்தைப் பார்த்துச் சோதித்துக் கொடுத்த சான்றிதழ். வேறு யாருடைய அம்மாவுக்காவது இருந்தால் கொண்டுவந்து காட்டட்டும்.

எழுபதுகளின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம். அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கூடைக்குள் கொஞ்சம் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டும் வித்தை எங்கள் மலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அம்மாவோ மழை நாளில்கூடக் கொழுந்தை உதறிவிட்டுத்தான் தராசுக்குக் கொண்டுபோவாள். "மழ பேஞ்சதுக்கு எனக்கு எதுக்குக் கூலி?" என்பாள். அதைக் கேட்டுப் பக்கத்தில் நிற்கும் பெண்களுக்கு எரிச்சல் வரும். உண்மையைச் சொன்னால், எனக்கும்தான் வரும்.

ஒரு நாள் காலை, மலையில் நிற்கும்போதே அம்மாவின் இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கிள்ளிய கொழுந்து விரல்களுக்கிடையில் நழுவிக் கீழே விழுந்தது. வாயும் கொஞ்சம் கோணிப்போனது. நான்கு பேர் சேர்ந்து லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். வந்து சேர்வதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டாள்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு விளக்கினார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அம்மாவின் இதயத்துக்குள் இருக்கும் ஒரு கதவைப் பழுதாக்கியிருந்தது. இதயம் தாளம் தப்பித் துடித்தது. அதனால் உள்ளே இரத்தம் தேங்கிக் கட்டியாகி, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய்த்தான் அன்று கை விழுந்தது. "இந்த முறை தப்பிவிட்டார். மறுபடியும் கட்டி போனால் தப்புவாரென்று சொல்ல முடியாது" என்றார்கள். இரத்தம் கட்டிப்படாமல் இளக்கிவைக்க ஒரு மாத்திரை தந்தார்கள். தினமும் ஒன்று. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை ரயிலேறிப் போய் இரத்தம் கொடுக்க வேண்டும். அது உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். சாதாரண ஆளுக்குப் பதின்மூன்று விநாடி. மாத்திரை வேலை செய்தால் இருபதைத் தாண்ட வேண்டும்.

முதல் தடவை பார்த்தபோது அம்மாவுக்குப் பதின்மூன்று. மாத்திரையை ஒன்றரையாக்கினார்கள். அடுத்த தடவையும் பதின்மூன்று. கீரை அதிகம் சாப்பிட்டால் இந்த மருந்து எடுபடாது என்றார்கள். அம்மா அன்றைக்கே வல்லாரையையும் பொன்னாங்கண்ணியையும் விட்டாள். லயத்துக்குப் பின்னால் தானே நட்டு வளர்த்த கோவா முட்டைக்கோஸை வேரோடு பிடுங்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, பருப்பும் உருளைக்கிழங்குமாகத் தின்றாள். அதற்கடுத்த தடவை பார்த்தார்கள். பதின்மூன்றேதான்.

கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "பேத் பொன்னே நே, நேத?" என்று சிங்களத்தில் கேட்டார். மருந்து குடிப்பதில்லை, அப்படித்தானே என்று அர்த்தம். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பழகிப்போன சலிப்போடு கேட்டார்.

"பொனவா மாத்தயா, ஹெமதாம பொனவா" என்றாள் அம்மா. குடிக்கிறேன் ஐயா, தினமும் குடிக்கிறேன்.

அவர் என் பக்கம் திரும்பி, அளவைக் கூட்டமுடியாது என்றார். குடிக்காத ஆளுக்கு அளவைக் கூட்டி எழுதிக்கொடுத்து, அந்த ஆள் ஒரு நாள் மனம் மாறி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டால் உள்ளுக்குள் இரத்தம் கசிந்தே செத்துப்போவார். இதே அளவில் பலருக்கு மூக்கிலிருந்து இரத்தம் வரும், இவருக்கு அசையவே இல்லையென்றால் காரணம் ஒன்றுதான் என்றார். அதோடு, எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து வந்திருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினார். 'இவர் மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கும் வழக்கமில்லாதவர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவரை நாங்கள் டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். கர்ப்பிணிப் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துத் தன் கண் முன்னாலேயே விழுங்கச் சொல்வார். விழுங்கியதும் "ஆ காட்டு" என்பார். அதற்கும் எங்கள் பெண்கள் வழி வைத்திருந்தார்கள். மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு 'ஆ' காட்டிவிட்டு, வெளியே வந்து பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானில் துப்பிவிடுவார்கள். மழை பெய்தால் அந்தக் கானில் ஓடும் தண்ணீர் துரு நிறத்தில் இருக்கும். என்னை வயிற்றில் வைத்திருந்தபோது அம்மாவும் துப்பியிருக்கிறாள். டாக்டர் ஐயா கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டிருக்கிறார். மற்றப் பெண்கள் சத்தியம் செய்வார்கள், அழுவார்கள். அம்மா, "ஆமாங்கய்யா, துப்புனேன். வாந்தி வருதுங்க" என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறாள். இருபது வருடத்துக்கு மேலாகியும் அவர் துப்பியதை மறக்கவில்லை. ஒப்புக்கொண்டதைத்தான் மறந்துவிட்டார்.

ரயிலில் திரும்பும்போது எனக்கு டொக்டர் மேலும் டாக்டர் ஐயா மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு வேறொரு புழு உள்ளே நெளிய ஆரம்பித்தது. ஒருவேளை? மாத்திரை குமட்டுகிறதோ? என் மனம் நோகும் என்று சொல்லாமல் இருக்கிறாளோ? இரத்தம் பொய் சொல்லுமா? படித்தவள் அல்லவா நான், அப்படித்தான் யோசித்தேன்.

மறுநாள் சாயங்காலம், அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, லயத்துக்குப் பின்னால் இருந்த கானில் குனிந்து, ஒரு குச்சியால் சேற்றைக் கிளறினேன். வெள்ளையாக எதையோ கண்டு கையை உள்ளே விட்டேன். முட்டை ஓடு. நிமிர்ந்தால், தண்ணீர்க் குடத்தோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"தேடு. கெடச்சா எனக்கும் காட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்பட்ட நாள் அது. இரவு அம்மா சோற்றைப் போட்டுக் கொடுத்தாள், சாப்பிட்டேன். படுக்கும்போது அம்மா, "பள்ளிக்கூடத்துல எழுதாத புதுக் கொப்பி ஒண்ணு இருந்தா நாளைக்குக் கொண்டா" என்று மட்டும் சொன்னாள்.

கை விழுந்த பிறகு அம்மாவுக்கு மலையில் வேலை இல்லை. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில்தான் அவளுக்கு லேசான வேலை கொடுத்திருந்தார்கள். ஆனாலும் காலையில் எல்லோரையும்போலப் பெரட்டுக்குப் போக வேண்டும். விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரு களத்தில் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார். அதுதான் பெரட்டு. கொப்பி கிடைத்த மறுநாள், பேர் கூப்பிட்டு முடிந்ததும் அம்மா வரிசையை விட்டு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, ஒரு நிமிசம். எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க."

மடியிலிருந்து மாத்திரையை எடுத்து உயர்த்திக் காட்டினாள். நாக்கில் வைத்தாள். போத்தலிலிருந்து தண்ணீர் குடித்தாள். பிறகு வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு கன்னங்களையும் விரலால் இழுத்துக் காட்டியபடி வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தாள்.

"என்னம்மா கூத்து இது?" என்றார் கணக்கப்பிள்ளை.

"நா மாத்தர முழுங்குறதில்லேன்னு பெரியாஸ்பத்திரியில சொல்றாங்கய்யா. நீங்க பாத்தீங்கல்ல? பாத்தேன்னு இதுல ஒரு ஒப்பம் போடுங்க."

அவர் மலைத்துப்போய் ஒப்பம் போட்டார். அம்மா கொப்பியைப் பெண்கள் பக்கம் கொண்டுபோய் இரண்டு பேரிடம் கைநாட்டும் வாங்கினாள். அதற்குப் பிறகும் போகவில்லை. பெரட்டு கலையும்வரை நடுக்களத்தில் நின்று எல்லோரோடும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள், எங்கேயாவது ஒதுக்கிவைத்துக்கொண்டு போய்த் துப்புகிறாள் என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாதென்று.

முதல் சில நாள் சிரித்தார்கள். "அக்கா, உள்நாக்கு வரைக்கும் தெரியுது, மூடுங்க" என்று ஒருத்தி கத்துவாள். "கடவாப் பல்லு ஒண்ணு ஆடுது போல, அதையும் எழுதிக்குங்கய்யா" என்பான் ஒருவன். எனக்கு அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்கூட வாயைப் பிளந்து விளையாடினார்கள். ஆனால் இரண்டாவது வாரம் கதை மாறிவிட்டது. ஒரு நாள் அம்மா தண்ணீர்ப் போத்தலை மறந்து வீட்டுக்கு ஓடினாள். கணக்கப்பிள்ளை கலைந்து போகச் சொல்லியும் ஆட்கள் நகரவில்லை. "அக்கா இன்னும் வாயத் தொறக்கலையே, அதுக்குள்ள எப்படிங்கய்யா போறது?" என்று நின்றுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. அன்றைக்குக் கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றாள். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு அவர் வெளியே வந்து, பார்த்து, ஒப்பம் போட்டு, வீட்டிலிருந்த இரண்டு பேரையும் பார்த்துப் போடச் சொன்னார்.

இருபத்தோராவது நாள் டாக்டர் ஐயாவே களத்துக்கு வந்தார். கையில் டார்ச். அம்மா மாத்திரையை விழுங்கியதும் கிட்டப் போய், வாய்க்குள் வெளிச்சம் அடித்து, நாக்குக்கு அடியிலும் பார்த்தார். கொப்பியை வாங்கி ஒப்பம் போட்டு, டிஸ்பென்சரி முத்திரையையும் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் கிளினிக்கில் அந்தக் கொப்பியை இளம் டொக்டரின் மேசையில் வைத்தேன். இருபத்தொரு பக்கம். பக்கத்துக்கு மூன்று சாட்சி. அவர் புரட்டினார், ஊதா நிறக் கைநாட்டுகளைப் பார்த்தார், கடைசிப் பக்கத்து முத்திரையைப் பார்த்தார். சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தது. பதின்மூன்று விநாடி.

அவர் எழுந்து கொப்பியோடு உள்ளே போய்ப் பெரிய டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தலை நரைத்த மனிதர். நின்றபடியே கொப்பியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தார். அம்மாவிடம் சிங்களத்தில், "இத்தனை பேர் முன்னாலேயா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்து காட்டினாள். அவர் அன்றே அம்மாவை வாட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

பல நாள் வைத்திருந்தார்கள். தாதிமார் கையாலேயே மாத்திரை கொடுத்தார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே அம்மா 'ஆ' காட்டிவிடுவாள். சாப்பாடும் ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான். இரத்தம் அசையவில்லை. பிறகு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கூட்டும்போதெல்லாம் இரத்தம் பார்த்தார்கள். இரண்டு. மூன்று. நான்கிலே லேசாக அசைந்தது. ஐந்தாவது மாத்திரையில் அம்மாவின் இரத்தம் இருபத்திரண்டு விநாடிக்கு வந்தது. பக்கத்துக் கட்டிலில் இதே நோயோடு இருந்த ஒரு பெண்ணுக்கு அரை மாத்திரைதான் கொடுத்தார்கள். அதற்கே அவளுடைய ஈறிலிருந்து இரத்தம் கசிந்தது.

பெரிய டொக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். ஒரே மருந்து எல்லா உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. சிலருக்குத் துளி போதும். சிலருடைய உடம்பு அந்த மருந்துக்கு லேசில் மசியாது. அது பிறவியிலேயே வருவது, தலைமுறை வழியாக வருவது. "புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்ப்பது இப்போதுதான்" என்றார். பல வருடங்கள் கழித்து, அதற்குக் காரணமான மரபணுக்களையே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். அன்றைக்கு அப்படி ஒரு சோதனை இல்லை. "உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த மருந்தைக் குடிக்கிற நிலைமை வந்தால்தான் தெரியும்" என்றார்.

நான் எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னேன். மரபு, தலைமுறை எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அப்ப நா பொய் சொல்லலேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றாள்.

பெரிய டொக்டர் எழுதிக் கொடுத்தார். 'இவர் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார். இவருடைய உடல் பிறப்பிலேயே இந்த மருந்துக்கு எளிதில் இணங்காதது. தினமும் ஐந்து மாத்திரை தேவை. வேறு எவரும் இந்த அளவை எடுக்கக் கூடாது.' ஆங்கிலத்தில் நான்கே வரி.

தோட்டத்துக்கு வந்த மறுநாள் பெரட்டில் நான் அதைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்றாள் அம்மா. வாசித்து முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. கலியாணத்துக்கும் கோயிலுக்கும் போடுகிற குலவை. ஐந்து மாத்திரை என்ற செய்தி பக்கத்துத் தோட்டங்கள்வரைக்கும் போனது. "எங்க அக்காவுக்கு அஞ்சு!" என்று எங்கள் லயத்துப் பெண்கள் பீற்றிக்கொண்டார்கள், ஏதோ பந்தயத்தில் ஜெயித்து வந்தவள்போல. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் ஐயா லயத்துக்கு வந்தார். அவர் லயத்துக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. வாசலிலேயே நின்று, "நான் எழுதினது தப்பும்மா" என்றார்.

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "தப்பில்லீங்கய்யா, பாதி எழுதிட்டீங்க. துப்புனேன்னு நானே சொன்னேன்ல, அதையும் சேத்து எழுதியிருக்கணும்" என்றாள்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. எனக்கு அப்போது கலியாணமாகி, வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகியிருந்தது. குழந்தை பிறந்த பத்தாம் நாள் இடது கால் தூண்போல வீங்கியது. காலுக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது, நெஞ்சுக்கு ஏறினால் ஆபத்து என்று அங்கிருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் ஊசி, பிறகு அதே மாத்திரை. அம்மா தோட்டத்திலிருந்து வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே இருந்தாள். அம்மாவுக்கு இப்படியொரு உடம்பு என்று வாட்டில் சேர்த்தபோதே சொல்லியிருந்தேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் கழித்து டொக்டர் முடிவுத் தாளோடு வந்தார். இளம் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். "ஒரு மாற்றமும் இல்லையே. மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறீர்களா?" என்று கேட்டார்.

அத்தனை வருடத்துக்கு முன்னால் அம்மா நின்ற இடம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எடுக்கிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே நம்பத்தகாததாகக் கேட்டது. அவர் மறுபடியும் தாளைப் பார்த்தார். அம்மா குழந்தையை என் பக்கத்தில் கிடத்திவிட்டு எழுந்தாள். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள் நான்காக மடித்து வைத்திருந்த கடுதாசியை டொக்டரிடம் நீட்டினாள். டொக்டர் படித்தார். மறுபடியும் படித்துவிட்டு, கொஞ்சம் இருங்கள், பெரியவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று வேகமாகப் போனார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, நா ஒழுங்காத்தாம்மா முழுங்குறேன்."

"தெரியும்டி" என்றாள். "நா என்ன, கானுக்குள்ள கைய விட்டுத் தேடினேனா?"

அழுதுவிட்டேன். அம்மா சிரித்தாள். அத்தனை வருடமும் அதைச் சொல்லாமல் வைத்திருந்தவள், என்னை மன்னித்த பிறகுதான் சொன்னாள் என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

டொக்டர் திரும்பி வந்தார். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் இரத்தம் பார்க்கப்போகிறோம் என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அம்மா, நீங்கள் இப்போது எத்தனை குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அம்மா கையைத் தூக்கிக் காட்டினாள். மலையில் அன்று கொழுந்தை நழுவவிட்ட அதே இடது கை. ஐந்து விரலும் விரிந்து, நடுங்காமல் நின்றன.

"அஞ்சும்மா" என்றாள். "இவ என் மக. இவளுக்கும் அஞ்சுதான் வேண்டியிருக்கும், பாருங்க."